முகக்குறிப்பு அறிதல்

நுழையும்முன்

வாய் பேசத் தொடங்கும் முன்னரே முகம் பேசத் தொடங்கிவிடுகிறது. புருவம் உயர்வதும் உதடு பிதுங்குவதும் கண் தாழ்வதும் ஒவ்வொரு செய்தியைச் சொல்கின்றன. உள்ளத்தின் உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தமிழ் இலக்கணம் 'மெய்ப்பாடு' என்று பெயரிட்டு ஆராய்ந்தது. மராத்தியிலும் இந்தியிலும் இதனை 'ஹாவ்பாவ்' என்பர். பல மொழியினர் கூடி வாழும் புணே போன்ற நகரத்தில், பிறர் முகத்தைப் பிழையின்றி அறிவது நாள்தோறும் தேவைப்படும் ஒரு திறன். அத்திறனின் இயல்பையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு பழமொழியும் ஒரு கேள்வியும்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. உள்ளத்தில் உள்ளதை முகம் காட்டிவிடும் என்பது அதன் கருத்து. தமிழில் முகத்தைக் கொண்டு அமைந்த மரபுத்தொடர்களும் பல. விருப்பமில்லாதவர் முகம் சுளிக்கிறார். சினந்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. குற்றம் வெளிப்பட்டவர் முகத்தில் ஈயாடுவதில்லை. ஏமாற்றம் அடைந்தவர் முகம் சுண்டிப்போகிறது. விருந்தினரைக் கண்டவர் முகம் மலர்கிறது. மனத்தாங்கல் கொண்டவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

இத்தொடர்களைக் கேட்டால், முகம் என்பது எவரும் எளிதாகப் படிக்கக்கூடிய திறந்த ஏடு என்றே தோன்றும். உண்மையில் அது அவ்வளவு எளிய ஏடுதானா? சிரிப்பவர் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா? கண்ணைத் தாழ்த்தியவர் எல்லோரும் குற்றம் செய்தவர்களா? இக்கேள்விக்கு விடை காண, முதலில் முகம் இயங்கும் முறையை அறிய வேண்டும்.

முகம் இயங்கும் முறை

உடலின் பெரும்பாலான தசைகள் எலும்போடு எலும்பை இணைத்து, மூட்டுகளை அசைக்கின்றன. முகத்தசைகள் பலவற்றின் இயல்பு வேறு. அவற்றின் ஒரு முனை தோலோடு இணைந்திருக்கிறது. ஆகவே தசை சுருங்கும்போது தோல் இழுபட்டு, சுருக்கமும் மடிப்பும் குழிவும் தோன்றுகின்றன. நெற்றி, புருவம், கண் இமை, கன்னம், உதடு ஆகியவற்றின் உணர்ச்சி அசைவுகளை இயக்குவது முகநரம்பு. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் இது ஏழாவது.

புன்னகையில் முதன்மையாக இரு தசைகள் பங்கு கொள்கின்றன. ஒன்று, உதட்டின் ஓரங்களை மேலே இழுக்கும் கன்னத்தசை. மற்றொன்று, கண்ணைச் சுற்றியுள்ள வளையத்தசை. பிரான்சு நாட்டு மருத்துவர் துஷேன், மெல்லிய மின்னோட்டத்தால் முகத்தசைகளைத் தனித்தனியே இயக்கிப் பார்த்து, 1862ஆம் ஆண்டில் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். உதட்டை விரும்பியபோது வளைக்கலாம். கண்ணோரத் தசையோ உண்மையான மகிழ்ச்சியில்தான் தானாகச் சுருங்கும் என்பது அவர் கருத்து. கண் சிரிக்காத சிரிப்பு நிறைவற்றது என்று பொதுமக்கள் உணர்வதற்கு இது ஓர் உடலியல் விளக்கம். ஆயினும் பயிற்சி பெற்ற நடிகர்கள் கண்ணோரத்தையும் விரும்பியவாறு சுருக்க வல்லவர்கள் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனவே தசையை மட்டும் பார்த்து உள்ளத்தை உறுதி செய்தல் இயலாது.

தொல்காப்பியம் காட்டும் எட்டு மெய்ப்பாடுகள்

தமிழின் மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியத்தின் மூன்றாம் பகுதி பொருளதிகாரம். அதில் உள்ள ஒன்பது இயல்களுள் ஆறாவது மெய்ப்பாட்டியல். 'மெய்' என்பது உடல். 'படுதல்' என்பது தோன்றுதல். உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் தோன்றிக் காண்போருக்குப் புலப்படுவதே மெய்ப்பாடு. இளம்பூரணர், பேராசிரியர் ஆகியோர் இவ்வியலுக்கு உரை எழுதியுள்ளனர்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அதனோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எக்காரணத்தால் பிறக்கும் என்று நான்கு நான்காக முப்பத்திரண்டு நிலைக்களன்களையும் கூறினார்.

1. நகை (சிரிப்பு): பிறரை எள்ளுவதாலும், இளமையாலும், பேதைமை எனப்படும் அறியாமையாலும், கேட்டதை ஆராயாது மெய்யென்று ஏற்கும் மடமையாலும் பிறக்கும்.
2. அழுகை: பிறர் இகழ்வதாலும், உற்றாரையோ உடைமையையோ இழப்பதாலும், முன்பு இருந்த நிலை கெட்டுத் தளர்வதாலும், வறுமையாலும் பிறக்கும்.
3. இளிவரல் (தாழ்வுணர்வு): முதுமை, நோய், வருத்தம், வலிமையின்மை ஆகியவற்றால் பிறக்கும்.
4. மருட்கை (வியப்பு): புதிய பொருள், மிகப் பெரிய பொருள், மிகச் சிறிய பொருள், ஒன்று மற்றொன்றாக ஆகும் மாற்றம் ஆகியவற்றைக் காண்பதால் பிறக்கும்.
5. அச்சம்: வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் ஆகியோரால் பிறக்கும்.
6. பெருமிதம்: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியவற்றால் பிறக்கும்.
7. வெகுளி (சினம்): உறுப்பை அறுத்தல், குடிமக்களை நலிதல், அடித்தும் வைதும் வருத்துதல், கொலை ஆகிய கொடுமைகளால் பிறக்கும்.
8. உவகை (மகிழ்ச்சி): செல்வம், அறிவால் நுகரும் இன்பம், அன்புடையார் ஒன்றுசேர்தல், விளையாட்டு ஆகியவற்றால் பிறக்கும்.

இப்பகுப்பில் கூர்ந்து நோக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நகையும் உவகையும் வெவ்வேறாகக் கூறப்பட்டிருப்பது. சிரிப்பு வேறு, மகிழ்ச்சி வேறு. ஒருவர் மகிழாமலே சிரிக்கலாம், எள்ளியும் சிரிக்கலாம், ஒன்றும் விளங்காமலும் சிரிக்கலாம். இரண்டாவது, ஒரே மெய்ப்பாட்டுக்கு நான்கு காரணங்கள் உண்டு என்பது. அழுகின்ற முகத்தைக் கண்டவுடன் 'இவர் அழுகிறார்' என்பது மட்டுமே தெரிகிறது. இகழப்பட்டு அழுகிறாரா, எதையேனும் இழந்து அழுகிறாரா என்பது முகத்தில் எழுதியிருப்பதில்லை. இகழப்பட்டவருக்குத் தேவை ஆதரவான சொல். வறுமையால் வருந்துபவருக்குத் தேவை உதவி. காரணம் அறியாமல் செய்யும் ஆறுதல் பயன்படாது.

திருக்குறளில் குறிப்பறிதல்

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு முறை இடம்பெறுகிறது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் ஒன்று. காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம் மற்றொன்று. முன்னது அமைச்சியலில் உள்ளது. மன்னன் சொல்லாமலே அவன் உள்ளத்தை அறிந்து செயலாற்றுதல் அமைச்சருக்கு வேண்டிய திறனாக அங்குக் கருதப்பட்டது. பின்னது, அன்பு கொண்ட இருவர் பிறர் அறியாவாறு பார்வையால் பேசிக்கொள்வதைக் கூறுகிறது. அங்கே ஒரு பார்வை வருத்தும். மற்றொரு பார்வை அவ்வருத்தத்தைத் தீர்க்கும். அயலார்போல் நோக்குவதும் அன்பின் குறிப்பாகிறது.

ஒரே தலைப்பு அரசவையிலும் அன்பிலும் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. இரண்டிடத்திலும் முகம் பேசுகிறது. ஆனால் ஒரே பார்வைக்கு இரண்டிடத்திலும் ஒரே பொருள் இல்லை. அரசன் முகம் திருப்பினால் அமைச்சருக்கு அது எச்சரிக்கை. அன்புடையார் முகம் திருப்பினால் அது நாணமாகவும் இருக்கலாம். யார் யாரை எங்கே பார்க்கிறார் என்பதைக் கொண்டே பொருள் அமைகிறது.

அகமதுநகரிலிருந்து ஒரு விடை

பார்ப்பவர் யார் என்பது முகத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்குப் புணேக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஆங்கிலேய அறிவியலறிஞர் சார்லசு டார்வின், உணர்ச்சியைக் காட்டும் முக அசைவுகள் உலக மக்கள் அனைவருக்கும் பொதுவா என்று அறிய விரும்பினார். 1867ஆம் ஆண்டில் பதினாறு கேள்விகள் கொண்ட தாளை அச்சிட்டு, பல நாடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அனுப்பினார். வியப்பில் கண்ணும் வாயும் விரிகின்றனவா, நாணத்தில் முகம் சிவக்கிறதா, உடன்படும்போது தலை மேலும் கீழும் அசைகிறதா என்பன போன்றவை அக்கேள்விகள். நினைவை நம்பி எழுத வேண்டா என்றும், கண்ட முகத்தை அப்போதைய சூழ்நிலையோடு சேர்த்து விளக்க வேண்டும் என்றும் அவர் வேண்டிக்கொண்டார். முப்பத்தாறு விடைகள் வந்தன. அவற்றைப் பயன்படுத்தி 1872ஆம் ஆண்டில் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறை பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

விடை எழுதியவர்களுள் எர்ஸ்கின் என்பவரும் ஒருவர். அவர் பம்பாய் மாகாணத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் வாழ்ந்தவர். புணேயிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்நகரம் இன்று அகில்யாநகர் என்று பெயர் மாற்றம் பெற்றுள்ளது. அங்கிருந்த மக்களின் முகங்களை அவர் கவனித்தார். ஆனால் உறுதியான முடிவுக்கு வருவது கடினமாக இருந்தது. ஐரோப்பியர் முன்னிலையில் மக்கள் தம் உணர்வுகளை மறைத்துக்கொள்வதை வழக்கமாகக் கொண்டிருந்தனர் என்பதே காரணம். டார்வினும் தம் நூலின் முன்னுரையில் இதனைக் குறிப்பிட்டார்.

அம்மக்களின் முகம் உணர்வற்றதாக இருக்கவில்லை. தம் வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் அவர்கள் சிரித்தனர், சினந்தனர், அழுதனர். ஆட்சியாளர் இனத்தைச் சேர்ந்த ஒருவர் குறிப்பேட்டுடன் உற்று நோக்கியபோது மட்டும் முகம் அடங்கியது. அச்சத்தின் நான்கு காரணங்களுள் ஒன்றாகத் 'தம் இறை', அதாவது தம்மை ஆள்பவர், கூறப்பட்டதை இங்கு நினைவுகூரலாம். அடங்கிய முகத்தைக் கண்டு 'இவர்களுக்கு உணர்ச்சி இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தால் அது பெரும்பிழையாக முடிந்திருக்கும். தம்மால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று எழுதியது எர்ஸ்கினின் நேர்மை.

பேசாப் படங்களும் புணேயும்

முகக்குறிப்பை நம்பியே ஒரு கலை வளர்ந்த காலமும் உண்டு. அது பேசாப் படங்களின் காலம். தென்னிந்தியாவின் முதல் பேசாப் படமாகக் கருதப்படும் 'கீசக வதம்' 1917–18ஆம் ஆண்டுகளில் சென்னையில் உருவானது. அதனை உருவாக்கிய ஆர். நடராஜ முதலியார், அதற்கு முன் மோட்டார் வாகன உதிரிப்பொருள் வணிகம் செய்தவர். படக்கருவியை இயக்கும் முறையை அவர் கற்றுக்கொண்ட இடம் புணே. அங்கிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரே அவருக்குக் கற்பித்தவர். தமிழ்த் திரையின் தொடக்கத்துக்கும் புணேக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

மகாபாரதக் கதையில் கீசகனின் தகாத விருப்பமும், திரௌபதியின் அச்சமும், வீமனின் வெகுளியும் அடுத்தடுத்து வருகின்றன. ஒலி இல்லாத திரையில் இவற்றையெல்லாம் முகமும் உடலுமே காட்ட வேண்டும். இடையிடையே சில எழுத்தட்டைகள் மட்டும் கதையைச் சொல்லும். அப்படத்தின் படி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை.

புணேயில் பிரபாத் படப்பிடிப்பு நிலையம் இருந்த இடத்தில் 1960ஆம் ஆண்டில் இந்தியத் திரைப்படக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1964ஆம் ஆண்டில் இந்நகரிலேயே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் தோன்றியது. திரைப்படம் பயில்வோர் படத்தொகுப்பின் அடிப்படையாகக் கற்கும் புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. அது உருசியாவைச் சேர்ந்த லெவ் குலெஷோவ் செய்தது. எந்த உணர்ச்சியும் வெளிப்படாத ஒரு நடிகரின் முகத்தை அவர் எடுத்துக்கொண்டார். அதனை ஒரு முறை சூப்புக் கிண்ணத்தின் காட்சியோடும், ஒரு முறை சவப்பெட்டியின் காட்சியோடும், ஒரு முறை விளையாடும் குழந்தையின் காட்சியோடும் இணைத்தார். பார்த்தவர்கள் முதலில் ஆழ்ந்த சிந்தனையையும், அடுத்துத் துயரையும், பின்னர் மகிழ்ச்சியையும் அம்முகத்தில் கண்டதாகக் கூறினர் என்று அவருடைய மாணவர் புதோவ்கின் பின்னாளில் எழுதினார். முகம் மாறவில்லை, அருகில் வைத்த காட்சி மாறியது. பார்ப்பவரின் மனமே பொருளை இட்டு நிரப்பியது.

உலகுக்குப் பொதுவான முகம் உண்டா?

டார்வின் எழுப்பிய கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க உளவியலறிஞர் பால் எக்மன் மீண்டும் எடுத்துக்கொண்டார். 1967, 1968ஆம் ஆண்டுகளில் அவர் பாப்புவா நியூகினியில் வாழும் ஃபோரே மக்களிடம் சென்றார். வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாக இருந்த அம்மக்களிடம் சிறு கதைகளைச் சொல்லி, அதற்கேற்ற முகத்தைப் படங்களிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தார். பெரும்பாலும் அவர்கள் எதிர்பார்த்த படத்தையே சுட்டினர்; அச்சத்தையும் வியப்பையும் பிரித்தறிவதில் மட்டும் தடுமாறினர். மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறும் மாந்தர் அனைவருக்கும் பொது என்பது அவர் முடிவு.

இம்முடிவை அனைவரும் அப்படியே ஏற்கவில்லை. 2019ஆம் ஆண்டில் லிசா பெல்ட்மன் பேரட்டும் வேறு நான்கு அறிஞர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கினர். சினம் கொண்டவர் எல்லா வேளையிலும் புருவத்தை நெரிப்பதில்லை. புருவத்தை நெரித்தவர் எல்லோரும் சினம் கொண்டவரும் அல்லர் என்று அவர்கள் காட்டினர். கணக்கு ஒன்றை ஆழ்ந்து சிந்திக்கும் மாணவரின் புருவமும் நெரிகிறது. தலைவலி உள்ளவரின் புருவமும், கண்ணாடி இல்லாமல் கரும்பலகையைப் படிக்க முயல்பவரின் புருவமும் நெரிகின்றன. முக அசைவு ஒன்றை மட்டும் கொண்டு உணர்ச்சியை உறுதிப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் கண்ட முடிவு.

எக்மனின் ஆய்வும் பேரட்டின் ஆய்வும் முழுவதும் முரண்பட்டவை என்று கொள்ள வேண்டியதில்லை. பல நாட்டினர் முகங்களில் ஒற்றுமை உண்டு. அதனால்தான் மொழி தெரியாத ஊரிலும் ஒருவர் மற்றொருவரின் துயரை ஓரளவு உணர முடிகிறது. அவ்வொற்றுமை முழுப்பொருளையும் தந்துவிடாது. அதனால்தான் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

ஊர் மாறினால்

இதன் பயனைப் புணேயில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் எளிதில் உணரும். முகத்தைக் கொண்டு பேசும் வழக்கம் தமிழைப் போலவே மராத்தியிலும் உண்டு. தமிழர் 'முகம் சுளித்தார்' என்பதை ஒட்டி, மராத்தியர் 'நாக் முரட்ணே' என்பர். மூக்கைத் திருகுதல் என்பது அதன் நேர்பொருள். கண்ணை உருட்டி முறைப்பதை 'டோளே வடார்ணே' என்பர். வாய் கோணுவதைக் குறிக்கும் 'தோண்ட் வாக்டே கர்ணே' என்பது தமிழில் முகம் கோணுதலை ஒத்தது. இரு மொழியினரும் ஒரே முகத்தைப் பார்க்கின்றனர். ஒருவர் மூக்கிலும் மற்றவர் முகம் முழுவதிலும் அதனைக் காண்கின்றனர்.

தலையைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துச் 'சரி' என்பது இந்தியர் பலருக்கும் பழகிய குறிப்பு. வெளிநாட்டினர் அதனை 'இல்லை' என்று கொள்வதுண்டு. பல்கேரியா நாட்டிலோ தலையை மேலிருந்து கீழே அசைப்பது மறுப்பையும், பக்கவாட்டில் அசைப்பது உடன்பாட்டையும் குறிக்கும் வழக்கம் உள்ளது. பெரியோர் கண்டிக்கும்போது கண்ணைத் தாழ்த்துவது பல தமிழ்க் குடும்பங்களில் பணிவு. கண்ணை நோக்கிப் பேசுவதையே நேர்மையாகக் கருதும் நாடுகளில் அதே தாழ்ந்த கண் குற்றவுணர்வாகத் தோன்றும்.

பெற்றோரின் பணிமாற்றத்தால் தமிழ்நாட்டிலிருந்து புணேக்கு வந்து, ஆண்டின் நடுவில் வகுப்பில் சேரும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு இந்தியும் மராத்தியும் தெரியாது. ஆசிரியர் கேட்கும்போதெல்லாம் அவள் புன்னகைத்துத் தலையசைக்கிறாள். 'புரிந்துவிட்டது' என்று கருதி ஆசிரியர் அடுத்த பாடத்துக்குச் செல்கிறார். தோழியரோ, தம்மை எள்ளிச் சிரிக்கிறாள் என்று எண்ணி விலகுகின்றனர். அச்சிரிப்பு மகிழ்ச்சியும் அன்று, எள்ளலும் அன்று. ஒன்றும் விளங்காத நிலையில் எழுந்த நகை. அறியாமையாலும் நகை பிறக்கும் என்று தொல்காப்பியம் கூறியது இங்கே பொருந்துகிறது. காரணம் கேட்பார் இல்லாவிட்டால், அவள் தேர்வில் பின்தங்குவாள். படிப்பில் ஆர்வமற்றவள் என்ற பெயரும் சேரும். 'எந்த இடம் புரியவில்லை?' என்று ஒருவர் கேட்டாலே போதும். அக்கேள்வி அவளுடைய ஓராண்டுக் கல்வியைக் காப்பாற்றும்.

பேசாத முகங்கள்

உணர்வு இருந்தும் அதனைக் காட்ட இயலாத முகங்களும் உண்டு. முகநரம்பு செயலிழப்பதால் வரும் முகவாதத்தில் ஒரு பக்கக் கன்னமும் உதடும் அசைவதில்லை. நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோயால் முதியோர் சிலரின் முகம் அசைவு குன்றி இறுகித் தோன்றும். பேரக்குழந்தையைக் கண்டு அவர் உள்ளம் மகிழ்ந்தாலும் முகம் மலர்வதில்லை. புறவுலகச் சிந்தனைக் குறைபாடு என்று குறிப்பிடப்படும் ஆட்டிசம் உடையோர் பலருக்குப் பிறர் கண்ணை நேரே நோக்குவது துன்பமாக இருக்கும். அது புறக்கணிப்பு அன்று. இவர்களிடம் முகத்தை மட்டும் படிப்பவர், அன்பைக் காணத் தவறிவிடுவார்.

இன்று முகத்தைப் படிக்கும் கணினி நிரல்களும் வந்துவிட்டன. மாணவர் கவனிக்கிறாரா, பணியாளர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பதைப் படக்கருவியால் அறியலாம் என்று சிலர் கூறுகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பள்ளிகளிலும் பணியிடங்களிலும் உணர்ச்சியைக் கணிக்கும் இத்தகைய கருவிகளுக்குத் தடை விதித்தது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. புருவம் நெரிந்ததைக் கருவி காணும். அது சினத்தாலா சிந்தனையாலா என்பதை அது கேட்டறியாது.

குறிப்பறியும் நெறி

பிறர் முகத்தைப் படிக்க விரும்புவோர் நான்கு செய்திகளை மனத்தில் கொள்ளுதல் நன்று. ஓர் உறுப்பை மட்டும் பாராமல் கண், புருவம், உதடு, குரல், உடல்நிலை அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் இயல்பாக எவ்வாறு இருப்பார் என்பதை அறிந்து, அதிலிருந்து வந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். இடம், முன்னால் நிற்பவர், சற்றுமுன் நடந்தது ஆகியவற்றை எண்ண வேண்டும். இறுதியாக, ஐயம் எழுந்தால் அன்போடு கேட்க வேண்டும்.

முகம் காட்டுவது மெய்ப்பாடு. அதன் நிலைக்களனைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். அகத்தின் அழகு முகத்தில் தெரியலாம். அகத்தின் காரணம் பெரும்பாலும் சொல்லில்தான் தெரியும்.

சொல்லும் பொருளும்

நிலைக்களன் – தோன்றும் இடம், காரணம்
எள்ளல் – இகழ்ந்து நகைத்தல்
மருட்கை – வியப்பு
இளிவரல் – தாழ்வுணர்வு
தறுகண் – அஞ்சாமை
வெகுளி – சினம்
உவகை – மகிழ்ச்சி
சீர்தூக்குதல் – ஆராய்ந்து மதிப்பிடுதல்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. மெய்ப்பாட்டியல் பொருளதிகாரத்தின் (மூன்றாவது / ஆறாவது / ஒன்பதாவது) இயல்.
2. 'தம் இறை' என்பது (அழுகை / அச்சம் / உவகை) தோன்றும் நிலைக்களன்.
3. நடராஜ முதலியார் படக்கருவியை இயக்கக் கற்ற நகரம் (சென்னை / மும்பை / புணே).

ஆ. பொருத்துக.

1. கல்வி – மருட்கை
2. புதுமை – வெகுளி
3. கொலை – உவகை
4. விளையாட்டு – பெருமிதம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. மெய்ப்பாடு என்பதன் பொருள் யாது?
2. அகமதுநகர் மக்களின் முகத்தைக் கொண்டு எர்ஸ்கின் உறுதியான முடிவுக்கு வர இயலாமைக்குக் காரணம் என்ன?
3. குலெஷோவின் சோதனையில் மாறாதது எது? மாறியது எது?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. நகையும் உவகையும் வேறு வேறு என்பதைப் பாடத்தில் வரும் மாணவியின் நிலையைக் கொண்டு விளக்குக.
2. டார்வின் சூழ்நிலையையும் சேர்த்து எழுதச் சொன்னதற்கும், தொல்காப்பியர் நிலைக்களன்களைக் கூறியதற்கும் உள்ள ஒற்றுமையை எழுதுக.

உ. தொடரில் அமைத்து எழுதுக.

முகம் சுளித்தல், முகம் மலர்தல், உதட்டைப் பிதுக்குதல், பல்லைக் கடித்தல், முகத்தில் ஈயாடாமை.

ஊ. செயல்பாடு

1. முகத்தையோ கண்ணையோ கொண்டு அமைந்த தமிழ் மரபுத்தொடர்கள் ஐந்தைப் பெற்றோரிடமும், அவற்றை ஒத்த மராத்தித் தொடர்களை மராத்தி பேசும் நண்பரிடமும் கேட்டு அட்டவணைப்படுத்துக.
2. வீட்டில் உள்ள ஒருவரின் முகத்தில் கண்ட ஒரு குறிப்பை எழுதுக. அதன் காரணம் என்னவாக இருக்கும் என்று முதலில் எழுதிவிட்டு, பின்னர் அவரிடமே கேட்டு எழுதுக. இரண்டும் ஒத்திருந்தனவா எனக் குறிப்பிடுக.